முறைப்பாட்டை வாபஸ் வாங்கிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் சப்பாத்துக்குள் இருந்து ஒரு அட்டை விழுந்தது. உயிரோடு இல்லை. காய்ந்து, கறுத்து, மிளகாய்க் காம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. போன கிழமை உங்கள் வீட்டுக்காரர் வந்து, பூட்ஸ் இன்னும் புதிது போலவே இருக்கிறது, என் காலுக்கும் சரியாக இருக்கும் என்று சொல்லி ஒரு பையைத் தந்துவிட்டுப் போனார். பின்வளவில் நின்று உதறியபோதுதான் அது விழுந்தது. நம் இருவரில் யாருடைய இரத்தத்தைக் குடித்துவிட்டு அது அங்கே ஒதுங்கியதோ தெரியாது. கூட்டித் தள்ள மனம் வரவில்லை. ஒரு கடதாசித் துண்டில் ஏந்திக் கறிவேப்பிலைச் சாடிக்குள் புதைத்தேன். மகள் யன்னலால் எட்டிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொந்தக்காரர் ஒருவரைப் புதைக்கிறேன் என்றேன்.

பென்டில் ஹில் ரயில் நிலையத்துப் படிகளில் நாம் பழகத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பரமற்றாவுக்குப் போகும் அதே ரயிலை இருவரும் தினமும் கடைசி நிமிடத்தில் பிடிப்போம். நான் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கிறவள். நீங்கள் ஒரு மென்பொருள் கம்பனியில் பிழை பிடிக்கிறவர். பிழை பிடிப்பதற்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்று உங்களைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஒரு நாள் இருவரும் படியேறி மூச்சு வாங்கி நின்றபோது, "உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்ங்க அம்மணி" என்றீர்கள். எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. முன்பின் தெரியாத கோயம்புத்தூர்க்காரி எதற்காக எனக்கு ஏசப்போகிறார் என்று ரயில் வெஸ்ட்மீட் தாண்டும்வரை தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். கடைசியில் விஷயம் சர்க்கரை. டொக்டர் உங்களை நடக்கச் சொல்லியிருந்தார். எனக்கும் சொல்லியிருப்பார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

முதலில் நம் தெருக்களில்தான் நடந்தோம். அது சரிவரவில்லை. நாலு வீடு தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி வாசலில் நிற்பார். தேத்தண்ணியும் ரோல்ஸும் வரும். அடுத்த தெருவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அங்கே காப்பியும் முறுக்கும். இரண்டு மாதத்தில் இருவருக்கும் சர்க்கரை ஏறியிருந்தது. அறிக்கைத் தாளைப் பார்த்துவிட்டு நீங்கள்தான் முடிவு எடுத்தீர்கள். தமிழ் ஆட்கள் கூப்பிட முடியாத இடத்தில் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் காடு ஒன்றுதான்.

நான் ஓம் என்றேன். ஆனால் உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, குளிரவும் செய்தது. ஆட்கள் விரும்பி, விடுமுறை நாளில், காசு செலவழித்துப் பெட்ரோல் அடித்துக் காட்டுக்குள் நடக்கப் போவார்கள் என்பதை நான் இந்த நாட்டுக்கு வந்துதான் கண்டேன். எனக்குத் தெரிந்த காட்டு நடை வேறு மாதிரி. அதை உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு நாம் அப்போது பழகவில்லை.

முதல் நாள் மலைப் பக்கம் ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடிப் போனோம். வாகனத் தரிப்பிடம், மேசை, இருப்பதற்கு ஒரு மரவாங்கு, ஒரு தகவல் பலகை, ஒரு கழிப்பறை. அங்கிருந்து இரண்டு கிலோமீற்றர் சுற்றுப் பாதை. நான் காரில் இருந்து என் பையை இறக்கினேன். அதற்குள் நாலு போத்தல் தண்ணீர், இரண்டு பைக்கற் பிஸ்கற், டோர்ச், மாற்றுடுப்பு, போர்வை, கடவுச்சீட்டு. நீங்கள் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க அம்மணி, குடி போறீங்களா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். உங்கள் கோலமும் அன்று சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சுடிதார், வீட்டுக்காரரின் ஒபிஸ் சொக்ஸ் முழங்கால்வரை, கோயில் திருவிழாவில் இலவசமாகக் கொடுத்த தொப்பி, அட்டைக்கு என்று ஒரு பெரிய உப்புப் போத்தல்.

நடக்கத்தானே வந்தோம் என்று நான் நடக்கத் தொடங்கினேன். நீங்கள் தகவல் பலகையின் முன்னால் நின்றுவிட்டீர்கள். அதன் முதல் எழுத்தில் இருந்து கடைசி வரி எச்சரிக்கை வரை உரத்து வாசித்தீர்கள். மூன்றாம் தரப் பாதை, ஒரு மணித்தியாலம் என்று போட்டிருந்தது. "யாருக்குங்க ஒரு மணி நேரம்? யாரை நடக்கவிட்டுப் பாத்தாங்க? நம்மள மாதிரி ரெண்டு பேரை வெச்சுப் பாத்தாங்களா?" என்று என்னைக் கேட்டீர்கள். நான்தான் அந்தப் பலகையை எழுதியது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு சிறு கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள். அந்த இரண்டு கிலோமீற்றரை நாம் இரண்டே கால் மணித்தியாலத்தில் முடித்தோம். அதில் நடந்தது முக்கால் மணித்தியாலம். மீதி நேரம் நீங்கள் அம்புக்குறிகளைச் சோதித்தீர்கள்.

கழிப்பறையை மறக்க முடியாது. தண்ணீர் இல்லாத, ஆழக் குழி வெட்டிய கழிப்பறை. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர், வெளியே வரும்போது மூன்று பிழைகளோடு வந்தீர்கள். ஒன்று, தாழ்ப்பாள் பாதிதான் மூடுகிறது. இரண்டு, கடதாசி வைக்கும் இடம் இருக்கிற ஆளின் கைக்கு எட்டாது. மூன்று, காற்றுப் போகும் குழாய் கட்டையாக இருப்பதால் வாசனை மேலே போகாமல் பாதைப் பக்கம் இறங்குகிறது. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் இலக்கம் போட்டு வன அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு திங்களும் ஒன்று போகும். தொடக்கத்தில் நன்றி, கிடைத்தது என்று இயந்திரம் பதில் போட்டது. பிறகு ஒரு பெண் அதிகாரி தன் பெயர் போட்டு எழுதத் தொடங்கினார். அவருடைய கடிதத்திலும் நீங்கள் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தீர்கள். நல்லவேளை, அதைச் சொல்லவில்லை.

அட்டை கடித்தது மூன்றாவது நடையில். மழை விட்ட அடுத்த நாள். என் கணுக்காலில் ஒன்று கொழுத்துத் தொங்கியது. நான் குனிந்து பார்த்தேன். எனக்குப் பயம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. நான் பட்டி கட்டி, தட்டி, தடவி, சில நேரம் இரண்டு முறை குத்தியும் பிடிக்க முடியாத நரம்பை அது கண்ணில்லாமல் ஒரே தடவையில் பிடித்திருந்தது. ஆளுக்கு நோகவும் இல்லை. நீங்கள்தான் துள்ளிக் குதித்து உப்புப் போத்தலைத் திறந்து வீசினீர்கள். மூடி முழுவதுமாகக் கழன்று உப்பெல்லாம் மேசையில் இருந்த எலுமிச்சம் சாதத்தில் கொட்டியது. அட்டை ஆறுதலாகக் குடித்து முடித்துத் தானே விழுந்து போனது. நாம்தான் பட்டினி.

அப்படியே இரண்டு வருடம் போயிருக்கும். சர்க்கரை இறங்கியது. அந்தப் பக்கத்துக் காட்டில் இருந்த சிறு பாதைகள் எல்லாம் நமக்குப் பழகிப்போயின. அந்தத் துணிவில்தான் அதே தரிப்பிடத்தில் இருந்து தொடங்கும் ஐந்து கிலோமீற்றர் பாதையில் போய் வழி தவறினோம்.

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் "வழி தவறினோம்" என்ற சொல்லை வெட்டிவிடச் சொல்வீர்கள். உங்கள் கணக்கில் நாம் தவறவில்லை, அம்புக்குறிதான் தவறியது. உண்மைதான். பாதை பிரிகிற இடத்தில் நட்டிருந்த கட்டை தளர்ந்து, தொட்டால் சுற்றியது. அது காட்டுகிற பக்கம் பிழை என்று நீங்கள் சொன்னீர்கள். அதுவும் சரி. ஆனால் சரியான பக்கம் எது என்று நீங்கள் சொன்னதும் பிழையாகிப் போனது. ஒரு மணித்தியாலம் நடந்து அதே கட்டைக்கு வந்தோம். மற்றப் பக்கம் போனோம். பாதை மெலிந்து, புதராகி, ஒரு விழுந்த மரத்தோடு முடிந்தது. போனில் ஒரு சிக்னல் கோடே இல்லை. மணி மூன்று இருக்கும். வெயில் மரங்களுக்கு மேலே ஏறிவிட்டது.

நீங்கள் விழுந்த மரத்தில் ஏறி இருந்து, பையில் இருந்து தக்காளி சாதத்தை எடுத்தீர்கள்.

அப்போதுதான் எனக்குப் பழைய பயம் வந்தது. உங்கள் தோளைப் பிடித்து இழுத்தேன். "எழும்புங்கோ அக்கா. இருக்கக் கூடாது. நடவுங்கோ" என்று கத்தினேன். நான் கத்தி நீங்கள் அதற்கு முன்பு கேட்டதில்லை. சாப்பாட்டுப் பெட்டி மடியில் சரிய, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தீர்கள்.

பிறகு எப்படிச் சொன்னேன், எதில் இருந்து தொடங்கினேன் என்று நினைவில்லை. பதினாறு வயதில், வன்னியில், அம்மாவோடும் தம்பியோடும் பெரியப்பாவோடும் காட்டுக்குள்ளால் நடந்த நாட்களைச் சொன்னேன். பின்னால் ஷெல் சத்தம். களைத்தாலும் யாரும் கீழே இருக்கக் கூடாது என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். பெரியப்பா மட்டும் ஒரு மரத்தடியில் காலை நீட்டி இருந்துவிட்டார். "நீங்கள் போங்கோ, நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன் எண்டவர்" என்றேன். "வரேல்லை."

நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "எனக்குத் தெரியாதுங்க அம்மணி. தெரிஞ்சிருந்தா உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்." பிறகு ஏதோ யோசித்து, "கடற்கரையிலயும் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள்.

"ஓம். அங்கயும் இருக்கு."

"அப்ப ஷாப்பிங் சென்டர்தானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. அழுகையும் சிரிப்பும் ஒரே மூக்கால் வந்து, மூச்சு முட்டி, நீங்கள் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தட்டிக்கொண்டே, இரண்டு நிமிடம் இருந்து பார்க்கலாம், சோதனைதான், ஏதாவது நடந்தால் எழும்பிவிடலாம் என்று ஒபிஸ் குரலில் சொன்னீர்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மரத்தில் வைத்தீர்கள். நான் நுனியில் இருந்தேன். இரண்டு நிமிடம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு முறை நடக்காததை நம்ப முடியாது, மூன்று முறையாவது பார்க்க வேண்டும் என்றீர்கள். ஆறு நிமிடம் இருந்தோம். பிறகு தக்காளி சாதம் சாப்பிட்டோம். இருபத்தைந்து நிமிடமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

கை கழுவும்போதுதான் நீங்கள் மூக்கைத் தூக்கினீர்கள். காற்று திரும்பியிருந்தது. ஒரு பக்கம் திரும்பி முகர்ந்தீர்கள். மறுபக்கம் திரும்பி முகர்ந்தீர்கள். உங்கள் முகம் பரீட்சை முடிவு பார்த்த பிள்ளையின் முகம் போல மலர்ந்தது.

"அம்மணி, இது நம்ம கக்கூசுங்க. மூணாம் நம்பர் கம்ப்ளெய்ன்ட்டு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் நீங்கள் அந்த வாசனையை இரண்டு வருடமாக ஆராய்ந்தவர். நின்று நின்று, மூக்கால் பிடித்துப் பிடித்து, புதருக்குள்ளால் முன்னே போனீர்கள். நான் உங்கள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். இருநூறு அடி இருக்காது. கழிப்பறையின் பின்சுவர் தெரிந்தது. அதற்கு அப்பால் நம் கார். இவ்வளவு நேரமும் தரிப்பிடத்தின் முதுகுப் பக்கம் இருந்துகொண்டுதான் நாம் உயிருக்குப் போராடியிருக்கிறோம். அந்தச் சுவரில் நீங்கள் கையை வைத்து, "நல்ல வேளை, இன்னும் சரி பண்ணலீங்க" என்றீர்கள். போனில் கோடு வந்ததும் உங்கள் வீட்டுக்காரர் அழைத்தார். நம்மைத் தேடி அல்ல. வரும்போது பால் வாங்கி வரச் சொல்ல.

அந்தத் திங்கள் நீங்கள் எழுதிய மின்னஞ்சலில் இரண்டே வரிகள். சுற்றும் கட்டையை உடனே இறுக்கவும். கழிப்பறை பற்றிய மூன்றாவது முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறேன். காரணம் எழுதவில்லை. கேட்டதற்கு, "அது உங்க கதைங்க அம்மணி, ஆபீசுக்கு எழுத எனக்கு உரிமை இல்லீங்க" என்றீர்கள்.

அதன் பிறகும் நாலு வருடம் நடந்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, ஒன்றும் நடக்காததுதான் அவற்றின் சிறப்பு. நான் எந்த மரத்தடியிலும் இருந்து சாப்பிடப் பழகினேன். பையில் இருந்து ஒவ்வொரு பொருளாகக் குறைந்தது. கடைசியாகக் குறைந்தது கடவுச்சீட்டு.

பிறகு உங்கள் வயிற்று நோவு. என் நிலையத்துக்கு நீங்களே வந்து கையை நீட்டினீர்கள். நான்தான் இரத்தம் எடுத்தேன். அட்டையை விட நான் பரவாயில்லையா என்று கேட்டேன். அது இவ்வளவு தடவை மன்னிப்புக் கேட்காது என்றீர்கள். முடிவு வந்தபோது நாம் இருவரும் நினைத்ததை விடக் குறைந்த காலம்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி நடைகூடத்தில் மருந்துக் கம்பத்தை உருட்டிக்கொண்டு உங்களோடு நடந்தேன். முதலாம் தரப் பாதை, தள்ளுவண்டிக்கும் ஏற்றது என்று நீங்களே தரம் போட்டீர்கள். மூலைக்கு மூலை நின்று பலகைகளை வாசித்தீர்கள். "அம்புக்குறியெல்லாம் இங்க சரியா இருக்குதுங்க அம்மணி. போற எடந்தான் புடிக்கல" என்றீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியாக ஒழுங்காகக் கதைத்த நாளில், நான் தனியாகப் போய் நடக்க வேண்டும் என்று சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிப் போகக் கூடாதாம். அவர் காட்டுக்குள்ளும் பங்குச் சந்தை பார்ப்பாராம்.

உங்கள் இறுதிச் சடங்குக்கு அந்த வன அதிகாரி வந்திருந்தார். நான் மின்னஞ்சலில் சொல்லியிருந்தேன், வருவார் என்று நினைக்கவில்லை. பச்சைச் சீருடை, அகலத் தொப்பி, இடுப்பில் ஒரு வயர்லெஸ். மண்டபத்தில் இருந்த அங்கிள்மார் எழுந்து நின்றுவிட்டார்கள். பொலிஸ் எதற்கு வந்திருக்கிறது, சாவில் ஏதும் சிக்கலா என்று ஒருவர் என் காதுக்குள் கேட்டார். காட்டில் இருந்து வந்திருக்கிறார் என்றேன். அவருக்கு இன்னும் குழம்பியது.

வெளியே வந்து அந்த அதிகாரி என்னோடு கதைத்தார். உங்களை அவர் நேரில் கண்டதே இல்லை. ஒவ்வொரு திங்களும் பிற்பகலில் உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் உரத்து வாசிப்பார்களாம். அந்தப் பாதையின் பலகையில் இப்போது ஒன்று தொடக்கம் இரண்டரை மணித்தியாலம் என்று மாற்றியிருக்கிறார்களாம். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கழிப்பறை பற்றி வந்த முறைப்பாட்டை ஒருவர் திரும்பப் பெற்றது அது ஒன்றுதான், ஏன் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் என் கதையையும் சேர்த்துச் சொன்னேன். உங்களுக்கு அடுத்ததாக அவருக்குத்தான் சொன்னேன். மரத்தடிக் கதை வந்தபோது தொப்பியைக் கழற்றினார். வாசனைக் கதை வந்தபோது அந்தத் தொப்பியாலேயே வாயைப் பொத்தினார். மண்டப வாசலில் ஒரு வன அதிகாரியும் நானும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றதை உங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

நீங்கள் சொன்னபடி தனியாகப் போக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே அரை மணித்தியாலம் இருந்தேன். பிறகு இறங்கி நடந்தேன். பாதி தூரத்தில் எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வேகமாக வந்தது. என் தோள் இரண்டும் காதுவரை ஏறின. ஆனால் நான் ஓடவில்லை. பாதையை விட்டு ஒதுங்கி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தது ஒரு வயதான வெள்ளைக்காரர். காலை வணக்கம் சொன்னார், மழை வரும் என்றார், நிற்காமல் கடந்து போனார். உடம்பை முன்னால் சாய்த்து, தண்ணீருக்குள் நீந்துகிறவர் மாதிரிக் கைகளை வீசிக்கொண்டு போனார். அந்த நடையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அவர் வளைவில் மறைந்த பிறகுதான் தெரிந்தது. அது பெரியப்பாவின் நடை.

பெரியப்பா தபால்காரர், அக்கா. இதை நான் உங்களுக்குச் சொன்னதில்லை, எனக்கே மறந்திருந்தது. சைக்கிள் ஓடத் தெரியாத தபால்காரர். எத்தனை பேர் பழக்கிப் பார்த்தும் அவருக்கு அது பிடிபடவில்லை. அதனால் கடிதம் முழுவதையும் கால்நடையாகவே கொடுப்பார். அவருடைய வேகத்துக்கு நாய்கள் துரத்திக் களைத்துப் பாதியில் திரும்பிவிடும். முன்னால் போகிற சைக்கிள்காரரையும் முந்திக்கொண்டு, தள்ளி நில்லுங்கோ, தபால் வருகுது என்று சத்தம் போடுவார்.

முப்பது வருடமாக அவர் எனக்கு ஒரு மரத்தடியில் இருக்கிறவர் மட்டும்தான். அன்று அந்தப் பாதையில் அவர் எழும்பி நடந்தார். இப்போது கடைக்குப் போகும்போதும், ரயில் படி ஏறும்போதும், கைகளை வீசிக்கொண்டு எனக்கு முன்னால் போகிறார். என்னால் எட்டிப் பிடிக்க முடிவதில்லை.